வெவ்வேறு வகைப் படங்களை நேசிப்பவர்கள் ஒன்றாக அமர்ந்து பேசுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

பிடித்த படம் எது என்ற கேள்வியை ஒரு வீட்டுக் கூடத்தில் எழுப்பிப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் அந்தப் பேச்சு பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றில் முடிந்துபோகும். “பேய்ப் படமெல்லாம் ஒரு படமா” என்று ஒருவர் மற்றவரின் வாயை அடைப்பார். அப்படி நடக்காவிட்டால், “அவரவர் ரசனை அவரவருக்கு” என்று சொல்லி எல்லோரும் எழுந்துவிடுவார்கள். இரண்டாவது முடிவு நாகரிகமானதாகத் தோன்றினாலும், அதையே கூடுதல் இழப்பாக நான் கருதுகிறேன். முதலாமவராவது ஒரு கருத்தைச் சொன்னார், அதற்கு மறுப்புச் சொல்ல இடம் இருந்தது. இரண்டாவதில் ஒருவருடைய படம் அவருக்கு ஏன் அவ்வளவு முக்கியமானது என்பதைக் கேட்காமலேயே பிரிந்துவிடுகிறோம்.

ஆறு முதல் பத்துப் பேர் மாதம் ஒருமுறை கூடி, தங்களுக்குப் பிடித்த படங்களை வகை வேறுபாடு பாராமல் முன்வைத்து விவாதிக்க உதவும் ஒரு முறையை இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன். எங்கள் வட்டத்தில் பலமுறை செய்து, தவறி, திருத்திக்கொண்ட முறை இது. இதன் அடிப்படை ஒன்றுதான். ஒவ்வொரு வகைப் படமும் தன் பார்வையாளருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது. பேய்ப் படம் அச்சுறுத்துவதாகவும், நகைச்சுவைப் படம் சிரிக்கவைப்பதாகவும், துப்பறியும் படம் ஒரு முடிச்சை நேர்மையாக அவிழ்ப்பதாகவும் வாக்களிக்கின்றன. அந்த வாக்கை அது காப்பாற்றியதா என்பதை முதலில் கேட்க வேண்டும். கொடுக்கத் தகுந்த வாக்குதானா அது என்பது அடுத்த கேள்வி. இந்த வரிசை மாறும்போதுதான் பெரும்பாலான சண்டைகள் தொடங்குகின்றன.

முதல் படி: ஆட்களைச் சேர்த்தல்

ஒரே வகைப் படங்களை விரும்பும் பத்துப் பேரைவிட, நான்கு வகைகளை விரும்பும் ஆறு பேர் மேல். குழுவில் அறுபது வயதைக் கடந்த ஒருவரும் இருபதுகளில் இருக்கும் ஒருவரும் இருப்பது நல்லது. ஒரு படம் வெளியான காலத்தில் திரையரங்கில் பார்த்தவரின் நினைவும், முப்பது ஆண்டுகள் கழித்துக் கைப்பேசியில் முதன்முறை பார்த்தவரின் வியப்பும் ஒன்றையொன்று திருத்தும். பிள்ளைகளும் அமரும் கூட்டமானால் தணிக்கைச் சான்றிதழைப் பார்த்துப் படத்தைத் தேர்ந்தெடுங்கள். 2024ஆம் ஆண்டின் சான்றளிப்பு விதிகள், பெற்றோர் வழிகாட்டலுடன் பார்க்கத்தக்க யு/ஏ பிரிவை 7, 13, 16 வயதுக்கு மேற்பட்டோர் என மூன்றாகப் பிரித்துவிட்டதால் இப்போது அந்த முடிவு எளிதாகியிருக்கிறது.

படம் பார்த்துக் கூடிப் பேசுவதற்கு நம் நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களுடன் சேர்ந்து 1947இல் கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1959இல் இத்தகைய சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. அந்தத் தலைமுறைக்குப் படச்சுருள் கிடைப்பதே பெரும்பாடு. நமக்குப் படம் கிடைப்பதில் சிரமம் இல்லை. ஒரே படத்தை ஒரே வாரத்தில் எல்லோரும் பார்த்துவிட்டு வந்து அமர்வதுதான் அரிது. ஆகவே நாளை முன்கூட்டியே குறித்து, அதை மாற்றாமல் இருங்கள்.

இரண்டாம் படி: வகைப் பெயர்களில் ஓர் உடன்பாடு

நம் பழைய விளம்பரங்களிலும் பேச்சிலும் புராணப் படம், ராஜா ராணிப் படம், மாயாஜாலப் படம், சமூகப் படம் என்ற பெயர்கள் இருந்தன. வீடுகளில் சாமி படம், பேய்ப் படம், சண்டைப் படம், அழுகைப் படம் என்றார்கள். இன்று ஆங்கில வழியாக வந்த திரில்லர், ஹாரர், ஆக்‌ஷன் முதலிய பெயர்களைப் பயன்படுத்துகிறோம். இந்தப் பெயர்கள் ஒவ்வொரு படமும் ஒரே உணர்ச்சியைச் சுற்றி எடுக்கப்படும் என்று எதிர்பார்க்கும் ஒரு திரைமரபில் பிறந்தவை. எஸ். எஸ். வாசனின் ‘சந்திரலேகா’வை (1948) இவற்றில் எதில் வைப்பது? அதில் அரசுரிமைச் சண்டை இருக்கிறது, காதல் இருக்கிறது, சர்க்கஸ் இருக்கிறது, பெருமுரசுகளின் மேல் ஆடும் புகழ்பெற்ற நடனம் இருக்கிறது, அதைத் தொடரும் வாட்போரும் இருக்கிறது. இவற்றில் ஒன்றை எடுத்துவிட்டாலும் அது அந்தப் படமாக இருக்காது.

எனவே ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தலைமை வகையையும் உடன்வரும் வகைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். தலைமை வகை எது என்பதை, படத்தை முன்வைப்பவரே தீர்மானிக்கட்டும். அவர் எந்த வாக்குறுதியை நம்பி அந்தப் படத்தை நேசிக்கிறார் என்பது அந்தத் தேர்விலேயே வெளிப்பட்டுவிடும்.

மூன்றாம் படி: வகைகளைத் தாண்டி ஒப்பிட ஓர் அளவுகோல்

வேறு வேறு வகைப் படங்களை எதை வைத்து ஒப்பிடுவது என்ற கேள்வியில்தான் எங்கள் வட்டம் நீண்ட நாள் தடுமாறியது. கதை, நடிப்பு, இசை, ஒளிப்பதிவு என்று மதிப்பெண் போட்டுப் பார்த்தோம். கூட்டுத்தொகை கிடைத்தது, ஆனால் பேச்சு வளரவில்லை. பிறகு குழுவில் இருந்த ஒரு தமிழாசிரியை, தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பேசும் மெய்ப்பாட்டியலை எடுத்து வந்தார். நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (சினம்), உவகை (மகிழ்ச்சி) என்று எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்வதோடு அந்த இயல் நிற்பதில்லை. ஒவ்வொன்றும் எந்த நான்கு நிலைக்களன்களிலிருந்து, அதாவது காரணங்களிலிருந்து, பிறக்கிறது என்றும் சொல்கிறது. படத்தைப் பேசுபவர்களுக்கு இந்த இரண்டாவது பகுதிதான் பெரும் உதவி.

நகை என்பது எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கிலிருந்து பிறக்கும். ‘கரகாட்டக்கார’னில் (1989) வாழைப்பழத்துக்காகக் கவுண்டமணியும் செந்திலும் மோதிக்கொள்ளும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். “அது நல்ல காமெடி” என்பதற்கு மேல் அந்தக் காட்சியைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை என்றுதான் பலரும் நினைப்போம். மடன் என்றால் கொண்டதை விடாமல் பிடித்துக்கொள்ளுதல் என்று தொல்காப்பியத்தின் பழைய உரை கூறுகிறது. செந்தில் அந்தக் காட்சியில் செய்வது அதைத்தான். கையில் இருக்கும் ஒரு பழத்தை வைத்துக்கொண்டு, காணாமல்போன மற்றொன்றும் அதுவேதான் என்ற தன் கணக்கிலிருந்து அவர் இம்மியும் நகர்வதில்லை. எதிரே இருப்பவரின் வெகுளி ஏற ஏற அவருடைய அமைதி மாறாமல் இருப்பதுதான் அந்தக் காட்சியை இத்தனை ஆண்டுகள் வாழவைத்திருக்கிறது.

அடுத்து ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964). தன் படத்துக்கான கதையை நாகேஷ், அப்பாவான பாலையாவுக்குச் சொல்லும் காட்சி அது. இருட்டு, சத்தம், திகில் என்று அவர் சொல்லிக்கொண்டே போகிறார். திரையில் அந்த இருட்டோ திகிலோ காட்டப்படுவதில்லை. நாகேஷின் குரலும் கைகளும் பாலையாவின் முகமும் மட்டுமே இருக்கின்றன. பாலையாவுக்கு நேர்வது முழுமையான அச்சம், நமக்கு நேர்வதோ முழுமையான நகை. எங்கள் வட்டத்தில் பேய்ப் படங்களைத் தவிர வேறெதையும் விரும்பாத ஓர் இளைஞர் இருந்தார். சிரிப்புப் படங்களில் கலை எதுவும் இல்லை என்பது அவருடைய உறுதியான கருத்து. இந்தக் காட்சியைப் பார்த்த பிறகு அவரே ஒரு கேள்வியை எழுப்பினார்: பாலையாவின் முகத்தை நீக்கிவிட்டு நாகேஷின் குரலை மட்டும் இருட்டறையில் கேட்டால் நாமும் பயப்படுவோமா? அன்று இரவு முழுவதும் அதையே பேசினோம். ஒரு பாத்திரத்தின் அச்சத்தைப் பார்த்து நாம் எப்போது அஞ்சுகிறோம், எப்போது சிரிக்கிறோம் என்ற அந்தக் கேள்வி பேய்ப் படத்துக்கும் நகைச்சுவைப் படத்துக்கும் ஒரே அளவில் சொந்தமானது.

அழுகைக்குரிய நிலைக்களன்கள் இளிவு (பிறரால் இகழப்படுதல்), இழவு (இழப்பு), அசைவு (முன்னைய நிலை கெட்டு வருந்துதல்), வறுமை என்பவை. மரணக் காட்சி இருந்தால்தான் அழுகைப் படம் என்று எண்ணுபவர்கள் இழவு என்ற ஒன்றை மட்டுமே பார்க்கிறார்கள். பாலுமகேந்திராவின் ‘வீடு’ (1988) படத்தில் நடுத்தர வர்க்கத்துப் பெண் ஒருத்தி ஒரு சிறு வீட்டைக் கட்டி முடிக்கப் படும் பாடு, பெரும்பகுதி இளிவாலும் வறுமையாலும் ஆனது. ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒவ்வொரு மூட்டை சிமெண்டுக்கும் அவள் சிறிது சிறிதாகத் தாழ்த்தப்படுகிறாள். படத்தில் பாடல்களே இல்லை. இளையராஜா 1986இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பின் இசையே பின்னணியாக வருகிறது. முதிய தாத்தா, பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தனியே வரும் காட்சியில் வசனம் செய்ய வேண்டிய வேலையையும் அந்த இசை ஏற்றுக்கொள்கிறது.

இந்த எட்டையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டத்தின் நடுவே வைத்துவிடுங்கள். “எந்த மெய்ப்பாடு, எதிலிருந்து பிறந்தது” என்று கேட்கப் பழகிவிட்டால், சண்டைப் படத்தின் பெருமிதத்தையும் குடும்பப் படத்தின் பெருமிதத்தையும் அருகருகே வைத்துப் பேச முடியும். முன்னதில் அது பெரும்பாலும் தறுகண்மையிலிருந்தும் (அஞ்சாமை), பின்னதில் கொடையிலிருந்தும் பிறந்திருப்பதைக் காண்பீர்கள்.

நான்காம் படி: படத்தைப் பார்த்தல்

நினைவை நம்பி விவாதத்துக்கு வர வேண்டாம். பத்து ஆண்டுகளுக்கு முன் பார்த்த படத்தில் இல்லாத காட்சியைக்கூட நம் மனம் சேர்த்துவைத்திருக்கும். கூட்டத்துக்கு முந்தைய வாரத்தில் எல்லோரும் மறுபடி பாருங்கள். எல்லோரும் பார்ப்பது ஒரே வடிவம்தானா என்பதையும் சரிபாருங்கள். தொலைக்காட்சிக்காக வெட்டப்பட்டது, வெளியான பிறகு நீளம் குறைக்கப்பட்டது, மொழிமாற்றம் செய்யப்பட்டது என்று ஒரே பெயரில் பல வடிவங்கள் உலவுகின்றன. படத்தின் மொத்த நேரத்தை ஒப்பிட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பாடல்களைத் தள்ளிவிட்டுப் பார்ப்பதை இந்த ஒரு வாரத்துக்காவது நிறுத்திவையுங்கள். பாடல் தேவையற்றது என்று வாதிட விரும்புபவர் அதை முழுமையாகப் பார்த்த பிறகே வாதிட வேண்டும். பேய்ப் படமானால் இருட்டில், நல்ல ஒலியில் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் பேருந்தில் பார்த்துவிட்டு “பயமே வரவில்லை” என்பது அந்தப் படத்துக்குச் செய்யும் அநீதி.

குறிப்பு எடுப்பவர்கள் மூன்று இடங்களை மட்டும் நேரத்தோடு குறித்தால் போதும்: உங்களை ஆழமாகப் பிடித்துக்கொண்ட இடம், கவனம் சிதறிய இடம், மற்றவர்களிடம் கேட்க விரும்பும் இடம். வீட்டைத் தாண்டிப் பொது அரங்கில் திரையிட விரும்பினால் உரிமையாளரின் எழுத்துபூர்வமான அனுமதியைப் பெற்றுக்கொள்ளுங்கள். கட்டணம் வாங்காதது மட்டும் அனுமதி ஆகிவிடாது.

ஐந்தாம் படி: முன்வைத்தல்

படத்தைத் தேர்ந்தெடுத்தவர் ஐந்து நிமிடம் பேச வேண்டும், அந்த நேரத்தில் யாரும் குறுக்கிடக் கூடாது. கதைச் சுருக்கம் சொல்வதைத் தவிர்த்து, ஒரே ஒரு காட்சியை எடுத்து அதில் என்ன நடக்கிறது, கேமரா எங்கே நிற்கிறது, என்ன ஒலி கேட்கிறது, அது தமக்கு என்ன செய்தது என்று அவர் சொல்லட்டும். “சூப்பர்”, “மொக்கை”, “உலகத்தரம்” ஆகிய மூன்று சொற்களையும் எங்கள் கூட்டத்தில் தள்ளிவைத்திருக்கிறோம். அவை மூன்றும் காரணம் சொல்லும் கடமையிலிருந்து பேசுபவரை விடுவித்துவிடுகின்றன. மூன்றாவது சொல்லோடு எனக்குக் கூடுதல் மனத்தாங்கல் உண்டு. எந்த உலகம், யார் வகுத்த தரம் என்பதை அதைச் சொல்பவர் ஒருபோதும் விளக்குவதில்லை.

முடிவைச் சொல்லலாமா என்பதை இந்த இடத்திலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் பார்த்துவிட்ட படமானால் தடையில்லை. ஒருவர் மட்டும் பார்க்காமல் வந்திருந்தால், முடிவைத் தொடாமல் பேசுவது நல்ல பயிற்சியாகவும் அமையும். எஸ். பாலச்சந்தரின் ‘அந்த நாள்’ (1954) அதற்கு ஏற்ற படம். வானொலிப் பொறியாளர் ஒருவர் படத்தின் தொடக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்படுகிறார். அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் சிவாஜி கணேசன். பாடலே இல்லாத அந்தப் படம், விசாரிக்கப்படும் ஒவ்வொருவரின் கூற்றாகவும் நகர்கிறது. 1943 அக்டோபரில் சென்னையின் மேல் ஜப்பானியர் குண்டு வீசிய காலம் அதன் பின்புலம். குற்றவாளி யார் என்று சொல்லாமலேயே, நாயகனைத் தொடக்கத்தில் கொன்றுவிட்ட துணிவு, அக்கம்பக்கத்தவரின் பேச்சில் ஒரு மனிதனின் உருவம் மாறிக்கொண்டே போவது, பாடலற்ற அமைதி பதற்றத்தைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று ஒரு மாலை முழுவதும் பேசலாம்.

ஆறாம் படி: மறுத்தல்

மறுப்பவர் முதலில், முன்வைத்தவர் சொன்னதைத் தம் சொற்களில் திரும்பச் சொல்ல வேண்டும். “ஆம், அதைத்தான் சொன்னேன்” என்று முன்வைத்தவர் ஒப்புக்கொண்ட பிறகே மறுப்பு தொடங்கலாம். இதைக் கடைப்பிடிப்பது கடினம், ஆனால் இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். மணிமேகலையின் விழாவறை காதையில் முரசறைவோன், சமய வாதிகள் பட்டிமண்டபத்தின் முறையறிந்து ஏற வேண்டும் என்றும், பகைவருடன் இருந்தாலும் சினமும் கலகமும் செய்யாமல் விலகிச் செல்ல வேண்டும் என்றும் அறிவிக்கிறான். சமயத்தைப் பற்றிய வாதத்துக்கே அந்த ஒழுங்கு இயலுமானால் சினிமாவுக்கும் இயலும். இன்றைய பட்டிமன்றத்திலிருந்து இந்தக் கூட்டம் ஒரு விஷயத்தில் வேறுபட வேண்டும். இங்கே நடுவர் இல்லை, தீர்ப்பும் இல்லை. நேரம் பார்க்க ஒருவர் இருந்தால் போதும்.

மறுப்புக்குப் பழக, ஒரே கதையின் இரண்டு வடிவங்கள் மிகவும் உதவும். ஃபாசிலின் மலையாளப் படமான ‘மணிச்சித்திரத்தாழு’ம் (1993) பி. வாசுவின் ‘சந்திரமுகி’யும் (2005) எங்களுக்கு மூன்று கூட்டங்களை நிரப்பித் தந்தன. இடையில் பி. வாசு அதே கதையைக் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’வாக (2004) எடுத்தார். மலையாளத்தில் மோகன்லாலின் மருத்துவர் படம் வெகுதூரம் நகர்ந்த பிறகே வருகிறார். அதுவரை அந்த வீடும் அதில் வாழ்பவர்களின் சந்தேகங்களுமே படத்தை நடத்திச் செல்கின்றன. தமிழில் ரஜினிகாந்த் தொடக்கத்திலேயே சண்டையோடும் பாடலோடும் வந்துவிடுகிறார். “தமிழில் கெடுத்துவிட்டார்கள்” என்று பேசுவது எளிது. தமிழ்ப் படம் கொடுத்த வாக்கு வேறு என்பதைக் கணக்கில் எடுத்தால் வாதம் கூர்மையாகிறது: தொடக்கத்திலேயே நம்மைக் காக்க ஒருவர் வந்துவிட்ட பிறகு, அந்த மூடிய அறையைப் பார்த்து நாம் அஞ்ச முடியுமா? முடிகிறது என்றார்கள் சிலர், அதற்கு ஜோதிகாவின் கண்களைச் சான்றாகக் காட்டினார்கள். அச்சம் குறைந்தாலும் உவகை கூடியது என்றார்கள் வேறு சிலர். நான் மலையாள வடிவத்தின் பக்கம் நின்றேன், இன்றும் அங்கேயே நிற்கிறேன். ஆனால் ‘சந்திரமுகி’யை அதன் பிறகு முன்னைவிட மரியாதையுடன் பார்க்கிறேன்.

ஏழாம் படி: சூடேறும் இடங்கள்

நடிகர்களைப் பற்றிய பேச்சு எல்லை மீறினால், காட்சிக்குத் திரும்பும்படி நேரம் பார்ப்பவர் நினைவூட்டினால் போதும். வசூல் எண்களைச் சான்றாக ஏற்க வேண்டாம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதே அவற்றிலிருந்து தெரியக்கூடும், படம் எப்படி இருந்தது என்பது தெரியாது.

நகைச்சுவைக் காட்சிகள் ஒருவரைப் புண்படுத்தும் நேரம் இன்னும் கவனத்துக்குரியது. நிறம், உடல், சாதி, பெண்கள், திருநங்கைகள் ஆகியோரைக் கேலி செய்து எழுதப்பட்ட காட்சிகள் நாம் நேசிக்கும் பல படங்களில் இருக்கின்றன. அந்தக் கேலியின் இலக்காக வாழ்ந்தவர் கூட்டத்தில் இருந்து, பேசவும் விரும்பினால், அவர் முதலில் பேசட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். நகையின் நிலைக்களன்களில் ஒன்றான எள்ளலுக்கு உரை எழுதும்போது, பேராசிரியர் என்ற பெயர்கொண்ட பழைய உரையாசிரியர், தான் பிறரை எள்ளி நகுதலையும் பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுதலையும் இரண்டாகப் பிரிக்கிறார். இந்தப் பிரிவு இங்கே நேரடியாகப் பயன்படுகிறது. யாரைப் பார்த்து யார் சிரிக்கிறார்கள், எள்ளப்பட்டவருக்கும் அதில் சிரிக்க இடம் இருக்கிறதா என்று கேட்டால், “அந்தக் காலத்தில் அப்படித்தான்” என்ற சமாதானத்தைத் தாண்டிப் பேச முடிகிறது.

எட்டாம் படி: பட்டியலும் குறிப்பேடும்

ஓராண்டு முடிந்ததும் பட்டியல் போடும் ஆசை எழும். போடலாம், ஆனால் அதை நிலையான தீர்ப்பாகக் கருத வேண்டாம். பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனத்தின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் 1952 முதல் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை, ஒவ்வொரு விமர்சகரிடமும் பத்துப் படங்களைக் கேட்டுப் பட்டியல் வெளியிடுகிறது. முதல் முறை ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ முதலிடம் பெற்றது. 1962 முதல் 2002 வரை ‘சிட்டிசன் கேன்’ அந்த இடத்தில் இருந்தது. 2012இல் ‘வெர்டிகோ’ வந்தது. 2022இல், வாக்களித்தவர்களின் எண்ணிக்கை 1,600ஐக் கடந்தபோது, ஷாந்தால் ஆக்கர்மான் இயக்கிய ‘ஜான் டீல்மான்’ (1975) முதலிடத்துக்கு வந்தது. ஒரு பெண்ணின் அன்றாட வீட்டுவேலைகளை மூன்று மணி நேரத்துக்கும் மேலாகக் காட்டும் படம் அது. அந்தப் பெரும் பட்டியலே வாக்காளர் மாற மாற மாறுகிறது என்றால், ஆறு பேர் போடும் பட்டியலும் மாறத்தான் செய்யும். எனவே வரிசை எண் இல்லாமல் ஆளுக்குப் பத்துப் படங்களை எழுதுங்கள். அதில் ஒன்றாவது மற்றொருவர் முன்வைத்ததாக இருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாக்குங்கள்.

பட்டியலைவிடக் குறிப்பேடு முக்கியமானது. தேதி, படம், முன்வைத்தவர், அவர் எடுத்த காட்சி, எதிர்த்து வந்த வலுவான வாதம் ஆகியவற்றை எழுதி, கடைசியில் ஒரு பத்தியை வெறுமையாக விட்டுவிடுங்கள். ‘அன்பே சிவம்’ 2003இல் வெளியானபோது வணிக வெற்றி பெறவில்லை, பின்னர்தான் பெரும் மதிப்பைப் பெற்றது. 2010இல் வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தையும் பலர் பிறகே திரும்பிப் பார்த்தார்கள். நம் கருத்துகளுக்கும் அப்படி ஒரு மறுபார்வை கிடைக்க வேண்டும். அந்த வெறுமையான பத்தியை, கூட்டம் நடந்து சரியாக ஓராண்டு கழித்து, படத்தை அன்று மிகக் கடுமையாக மறுத்தவரே மீண்டும் பார்த்துவிட்டு எழுத வேண்டும். நான் மறுத்த ‘சந்திரமுகி’க்கு எதிரே உள்ள இடம் இன்னும் காலியாக இருக்கிறது. வரும் தை மாதக் கூட்டத்துக்கு முன் நான் அதை எழுதிக் கொடுக்க வேண்டும்.